கணினித் திரையின் ஒளிர்வும் மாறுபாடும்: கண்களுக்கு ஏற்பச் சரிசெய்யும் முறை

கணினியின் முன் நெடுநேரம் பணிபுரிவோரிடம் கண் எரிச்சல், கண் சோர்வு, தலைவலி, மாலையில் பார்வை மங்குதல் ஆகிய தொல்லைகள் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எளிதில் நீக்கத்தக்க ஒன்று, திரையின் ஒளி அளவை வாங்கிய நாளில் இருந்தபடியே விட்டுவிடுவதாகும். கடையின் விளக்கொளியிலும் பளிச்செனத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல திரைகள் உயர்ந்த ஒளிர்வுடனேயே அமைக்கப்பட்டு வருகின்றன. வீட்டு அறைக்கும் அலுவலக மேசைக்கும் அவ்வளவு ஒளி தேவைப்படுவதில்லை.

தனிக் கருவி ஏதுமின்றி, ஏறத்தாழ 15 நிமிடங்களில் உங்கள் திரையை நீங்களே சரிசெய்துகொள்ளும் முறை இப்பக்கத்தில் விளக்கப்படுகிறது. இதனால் விளையும் பயன் இரண்டு. முதலாவது, கண்ணுக்குக் கிடைக்கும் இதம். இரண்டாவது இதனினும் முக்கியமானது: திரை சரியாக அமைந்த பின்னும் தொல்லை நீடித்தால், அதன் காரணத்தைக் கண்ணில் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். திரையின் மீது பழியைச் சுமத்திக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தவிர்க்கப்படும்.

ஒளிர்வு, மாறுபாடு என்பவை யாவை?

திரையின் பட்டியலில் ‘பிரைட்னஸ்’ என்று குறிக்கப்படுவது ஒளிர்வு. ‘கான்ட்ராஸ்ட்’ என்று குறிக்கப்படுவது மாறுபாடு.

இன்று பெரும்பாலான மேசைக் கணினிகளில் உள்ளவை எல்சிடி வகைத் திரைகள். எல்இடி மானிட்டர் என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவையும் இவ்வகையே. இவற்றில் படத்தின் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒளிர்வைக் கூட்டினால் அந்தப் பின்னொளி கூடும்; வெண்மை, கருமை இரண்டுமே சேர்ந்து வெளிச்சம் பெறும்.

மாறுபாடு என்பது திரையின் மிக வெண்மையான பகுதிக்கும் மிகக் கருமையான பகுதிக்கும் இடையிலான ஒளி விகிதம். மாறுபாட்டு அளவை மிகுதியாகக் கூட்டினால் வெளிர் நிறங்கள் யாவும் ஒரே வெண்மையாகக் கலந்துவிடும். மிகவும் குறைத்தால் எழுத்து சாம்பல் பூத்தது போல் மங்கும்.

பழைய படக்குழாய்த் திரைகளில் இவ்விரு திருகுகளும் வேறு விதமாக இயங்கின. அவற்றில் பிரைட்னஸ் திருகு கருமையின் அளவையும், கான்ட்ராஸ்ட் திருகு வெண்மையின் அளவையும் மாற்றின. அக்காலத்துக் குறிப்புகளை இன்றைய திரைகளுக்கு அப்படியே பின்பற்றினால் சரியான பலன் கிடைப்பதில்லை.

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் உண்டா?

இல்லை. திரையின் ஒளி, அது வைக்கப்பட்டுள்ள அறையின் ஒளியோடு ஒத்திருக்க வேண்டும். கண்ணின் பாவை சுற்றுப்புற ஒளிக்கு ஏற்பச் சுருங்கி விரிகிறது. அறை மங்கலாகவும் திரை மிகப் பிரகாசமாகவும் இருந்தால் கண் கூசும். அறை பிரகாசமாகவும் திரை மங்கலாகவும் இருந்தால் எழுத்தைக் காண நீங்கள் முன்னால் குனிவீர்கள், கண்களை இடுக்குவீர்கள்.

இதனை எளிய கணக்கால் அறியலாம். ஒரு பரப்பின் மீது விழும் ஒளி ‘லக்ஸ்’ என்னும் அலகாலும், ஒரு பரப்பிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளிர்வு ‘நிட்’ என்னும் அலகாலும் அளக்கப்படுகின்றன. தன் மீது விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்வோம். 300 லக்ஸ் ஒளியுள்ள அறையில் அத்தாளின் ஒளிர்வு ஏறத்தாழ 76 நிட். 500 லக்ஸ் ஒளியுள்ள அலுவலகத்தில் ஏறத்தாழ 127 நிட். திரையின் வெண்மையும் இந்த அளவை ஒட்டி இருப்பதே போதுமானது. சந்தையில் கிடைக்கும் சாதாரணத் திரைகளின் உச்ச ஒளிர்வோ 250 முதல் 350 நிட் வரை இருக்கிறது. அதாவது, முழு ஒளிர்வில் வைக்கப்பட்ட திரை, பக்கத்தில் உள்ள தாளைப் போல இரண்டு மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். நாள் முழுவதும் ஒரு விளக்கை நேராகப் பார்த்துக்கொண்டு படிப்பதற்கு இது ஒப்பாகும்.

சரிசெய்வதற்கு முன்

- திரையை அணைத்துவிட்டு, மென்மையான உலர்ந்த துணியால் துடைக்கவும். தூசியும் விரல் ரேகையும் மாறுபாட்டைக் குறைக்கும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதனையும் துடைத்துக்கொள்ளவும்.
- திரையை இயக்கி அரை மணி நேரம் கழித்துத் தொடங்கவும். பின்னொளி நிலைபெறச் சிறிது நேரம் ஆகும்.
- நீங்கள் வழக்கமாகப் பணிபுரியும் நேரத்தில், வழக்கமான விளக்குகளை எரியவிட்டுச் செய்யவும்.
- தானாக ஒளியை மாற்றும் வசதி, ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’, மின்சேமிப்பு முறை, இரவொளி முறை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும். இவை இயங்கினால் நீங்கள் வைத்த அளவு நிலைக்காது.
- திரையின் பட்டியலில் ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘எஸ்ஆர்ஜிபி’ என்னும் அமைப்பைத் தெரிவு செய்யவும். விளையாட்டு, திரைப்படம் ஆகியவற்றுக்கான அமைப்புகள் படிப்பதற்கு ஏற்றவையல்ல.
- திரை உங்கள் கண்ணிலிருந்து 50 முதல் 70 செ.மீ. தொலைவில், ஏறத்தாழக் கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும்.

மேசைக் கணினியில் திரையின் விளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள பொத்தான்களால் இப்பட்டியலைத் திறக்கலாம். மடிக்கணினியில் ஒளிர்வை விசைப்பலகையில் சூரியன் படம் பொறித்த விசைகளால் மாற்றலாம். மாறுபாட்டுக்கெனத் தனி விசை பெரும்பாலான மடிக்கணினிகளில் இல்லை. அவற்றைப் பயன்படுத்துவோர் கீழ்க்காணும் முதல் படியையும் ஐந்தாம் படியையும் செய்தாலே போதும்.

சரிசெய்யும் முறை

*முதல் படி: தாளைக் கொண்டு ஒளிர்வை அமைத்தல்.* எழுதப்படாத வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறக்கவும். ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் ஓரத்தில், திரையைப் போலவே செங்குத்தாகப் பிடிக்கவும். இரண்டையும் உங்கள் இருக்கையில் அமர்ந்தபடி ஒப்பிடவும். திரை விளக்கு போல் ஒளி வீசினால் ஒளிர்வைக் குறைக்கவும். தாளை விடச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டவும். இரண்டும் ஏறத்தாழ ஒத்துத் தெரியும் இடத்தில் நிறுத்தவும். குறைத்த உடனே திரை மங்கலாகத் தோன்றுவது இயல்பு. சில நிமிடங்களில் கண் பழகிவிடும்.

*இரண்டாம் படி: வெளிர் கட்டங்களைக் கொண்டு மாறுபாட்டை அமைத்தல்.* படம் வரையும் செயலி ஒன்றைத் திறக்கவும். கணினி ஒவ்வொரு நிறத்தையும் 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 255 என்று கொடுத்தால் தூய வெண்மை. மூன்றுக்கும் 0 என்றால் முழுக் கருமை. வெண்மையான பின்னணியில் 250, 245, 240, 235 ஆகிய எண்களைக் கொண்ட நான்கு சிறு கட்டங்களை வரையவும். 245 எண் கட்டமாவது பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் மாறுபாடு மிகுந்துள்ளது; தெரியும் வரை சிறிது சிறிதாகக் குறைக்கவும். பல எல்சிடி திரைகளில் தயாரிப்பாளர் வைத்த மாறுபாட்டு அளவே பொருத்தமாக இருக்கும். தேவையின்றி அதை மாற்ற வேண்டாம்.

*மூன்றாம் படி: கருங்கட்டங்களைச் சோதித்தல்.* முழுக் கருமையான பின்னணியில் 5, 10, 15, 20 ஆகிய எண்களைக் கொண்ட கட்டங்களை வரையவும். 15 அல்லது 20 எண் கட்டம் உங்கள் அறை ஒளியில் மெல்லியதாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் திரையின் மீது ஏதேனும் விளக்கொளி பிரதிபலிக்கிறதா எனப் பார்க்கவும். பிறகு பட்டியலில் ‘பிளாக் லெவல்’ என்னும் அளவு இருந்தால் அதைச் சற்று உயர்த்தவும். எச்டிஎம்ஐ கம்பி வழியாக இணைத்த திரையில் கருமை முழுவதும் சாம்பலாக வெளிறியோ, கருங்கட்டங்கள் யாவும் ஒன்றாகக் கலந்தோ தெரிந்தால், கணினியும் திரையும் வெவ்வேறு ஒளி வரம்பில் இயங்குவது காரணமாக இருக்கலாம். இரண்டிலும் ‘ஃபுல் ரேஞ்ச்’ என்பதைத் தெரிவு செய்யவும்.

*நான்காம் படி: மீண்டும் ஒப்பிடுதல்.* மாறுபாட்டை மாற்றியிருந்தால் வெண்மையின் அளவும் மாறியிருக்கும். எனவே தாளுடன் மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டு ஒளிர்வைச் சரிபார்க்கவும்.

*ஐந்தாம் படி: எழுத்தைப் பெரிதாக்குதல்.* எழுத்து தெளிவாக இல்லை என்பதற்காக ஒளிர்வைக் கூட்டுவது பலரிடமும் உள்ள பழக்கம். எழுத்தின் அளவைக் கூட்டுவதே சரியான வழி. பெரும்பாலான செயலிகளில் ‘கன்ட்ரோல்’ விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும். முதுகை நாற்காலியில் சாய்த்தபடியே படிக்க முடியும் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளவும்.

விண்டோஸ் கணினியில் தேடல் கட்டத்தில் ‘டிஸ்பிளே கலர் காலிபிரேஷன்’ என்பதைத் தேடித் திறந்தால், ஒளிர்வையும் மாறுபாட்டையும் படங்களின் துணையுடன் சரிசெய்ய வழிகாட்டும் பக்கங்கள் கிடைக்கும்.

சாளரமும் விளக்கும்

திரைப்பெட்டியின் மேல் மாறுபாடு 1000:1 என்று அச்சிடப்பட்டிருக்கலாம். அந்த விகிதம் இருட்டறையில் மட்டுமே கிடைக்கும். திரையின் மேற்பரப்பு, தன் மீது விழும் ஒளியில் 1 விழுக்காட்டைச் சிதறச் செய்கிறது எனக் கொள்வோம். 300 லக்ஸ் ஒளி விழும்போது திரையின் கருமை மீது ஏறத்தாழ 1 நிட் ஒளி படரும். வெண்மை 100 நிட்டாக அமைக்கப்பட்ட திரையில் விகிதம் ஏறத்தாழ 90:1 ஆகக் குறையும். படிப்பதற்கு இது தாராளமாகப் போதும். ஆனால் சாளரத்தின் வழியே 3000 லக்ஸ் ஒளி திரையின் மீது நேராக விழுந்தால், அதே விகிதம் ஏறத்தாழ 11:1 ஆகிவிடும். இந்நிலையில் ஒளிர்வை எவ்வளவு கூட்டினாலும் பகல் வெளிச்சத்தை வெல்ல இயலாது. திரைச்சீலையை இழுத்து மூடுவதே தீர்வாகும்.

- சாளரம் உங்கள் இடப்புறமோ வலப்புறமோ இருக்குமாறு மேசையைத் திருப்பிப் போடவும். சாளரம் திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். உங்களுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும்.
- திரையை அணைத்துவிட்டு அதன் கருமையை உற்றுப் பாருங்கள். அதில் டியூப் லைட்டோ சாளரமோ தெரிந்தால், அவை மறையும் வரை திரையைச் சற்றே சாய்க்கவும் அல்லது இடம் மாற்றவும்.
- மேசை விளக்கின் ஒளி தாளின் மீது விழட்டும். திரையின் மீது விழ வேண்டாம்.

பணியிடங்களில் இருக்கைகளை ஒதுக்குவோரும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் திரைக்கருவி விதிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வையும் மாறுபாட்டையும் பணியாளரே எளிதில் மாற்றிக்கொள்ள இயல வேண்டும் என்று கூறுகின்றன. ஒரே கணினியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தும் இடங்களில், அமரும் ஒவ்வொருவரும் ஒளிர்வைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட வேண்டும்.

இரவில் பணிபுரிவோர்

பகலில் அமைத்த ஒளிர்வு இரவுக்கு மிகையாகும். விளக்கேற்றிய பின் தாள் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, இரவுக்கான எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளவும். அறை விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பதைத் தவிர்க்கவும். திரைக்குப் பின்னால் சுவரை நோக்கி ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் கூச்சம் குறையும். படுக்கைக்குச் செல்வதற்கு முந்தைய நேரத்தில் பிரகாசமான ஒளியைப் பார்த்துக்கொண்டிருப்பது உறக்கத்தைத் தாமதப்படுத்தக்கூடும்.

சில திரைகளில் பின்னொளியை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவதன் மூலமே ஒளிர்வு குறைக்கப்படுகிறது. இந்த மினுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலியை உண்டாக்குகிறது. ஒளிர்வைக் குறைத்த பின் உங்களுக்குத் தலைவலி தொடங்கினால், திரையின் ஒளிர்வைச் சற்று உயர்த்தி, அறை ஒளியையும் அதற்கேற்பக் கூட்டிப் பார்க்கவும்.

முதியோரும் கண்ணாடி அணிவோரும்

வயது ஏறும்போது பாவை சுருங்குகிறது. கண்ணின் வில்லையும் பழுப்பேறுகிறது. 60 வயதுடையவரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதுடையவருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே முதியவருக்குக் கூடுதல் ஒளி தேவைப்படுகிறது. அதே வேளையில் வில்லையில் ஒளி சிதறுவதால் கூச்சமும் அவருக்கு அதிகம். எனவே முதியோருக்கு ஒளிர்வை அளவாக வைத்து, எழுத்தின் அளவை நன்றாகக் கூட்டுவது நல்லது.

மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்கும் அமைந்த கண்ணாடி அணிபவர்கள், கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்ப்பதற்காக முகவாயை உயர்த்திக்கொண்டே இருப்பார்கள். இதனால் கழுத்து வலி வரும். இவர்கள் திரையைத் தாழ்த்தி வைக்க வேண்டும். கணினித் தொலைவுக்கெனத் தனிக் கண்ணாடி தேவையா என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்டு அறியலாம்.

திரையைச் சரிசெய்த பின் கண்ணைச் சோதியுங்கள்

நன்கு அமைக்கப்பட்ட திரை, உங்கள் பார்வையில் ஏற்படும் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். மாதம் ஒருமுறை பின்வருமாறு செய்து பாருங்கள். வழக்கமாக அணியும் கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒரு கண்ணைக் கையால் மறைத்து, மற்றொரு கண்ணால் திரையில் ஒரு வரியைப் படிக்கவும். பிறகு கண்ணை மாற்றி அதே வரியைப் படிக்கவும். இரு கண்களும் சேர்ந்து பார்க்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதால், பலர் ஒரு கண்ணில் பார்வை குறைந்திருப்பதை நெடுநாள் அறியாமலே இருந்துவிடுகிறார்கள்.

அறையும் திரையும் மாறாதிருக்க, கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் தென்பட்டால் கண் மருத்துவரை அணுக வேண்டும்.

- சில மாதங்களுக்கு ஒருமுறை ஒளிர்வையோ எழுத்தின் அளவையோ கூட்ட வேண்டியிருத்தல். வெள்ளெழுத்து, கண்புரை முதலியவை இதற்குக் காரணமாகலாம்.
- வெண்மையான பக்கத்தைப் பார்த்தால் கூச்சமும், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் தெரிதல்.
- நீரிழிவு உள்ளவர்களுக்குப் பார்வை ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் இருத்தல். இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தாழ்வு இதற்குக் காரணமாகலாம். தொல்லை இல்லாவிட்டாலும் நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
- கணக்குத்தாளின் நேர்க்கோடுகள் வளைந்தோ, நடுவே அழிந்தோ தெரிதல். விழித்திரையின் மையப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம், காலந்தாழ்த்தக் கூடாது.
- இரு வாரங்களுக்கு மேல் கண் எரிச்சலோ தலைவலியோ நீடித்தல்.

திடீரெனப் பார்வை இழத்தல், கண் முன் மின்னல் கீற்றுகளும் கரும்புள்ளிகளும் திரளாகத் தோன்றுதல், பார்வையின் ஒரு பகுதியைத் திரை போல் ஏதோ மறைத்தல், கடும் கண்வலியுடன் வாந்தி ஆகியவை அவசர நிலைகள். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தேவைப்பட்டால் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கவும்.

கண்நீர் அழுத்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாது. எனவே 40 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் தொல்லை ஏதும் இல்லாவிட்டாலும் கண் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் திரையில் காண்போர் கவனத்திற்கு

மருத்துவப் படங்களில் மெல்லிய சாம்பல் வேறுபாடே நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். அதனால் நோய் கண்டறியப் பயன்படும் திரைகள் ‘டைகாம்’ தரத்தின் 14ஆம் பகுதியில் வகுக்கப்பட்ட சாம்பல் அளவுகோலின்படி கருவி கொண்டு ஒத்தமைக்கப்படுகின்றன. இத்திரைகளைச் சோதிக்கும் படங்களில், முழுக் கருமைக்குள் 5 விழுக்காட்டுக் கட்டமும் முழு வெண்மைக்குள் 95 விழுக்காட்டுக் கட்டமும் தெரிகின்றனவா என்று பார்க்கப்படும். வீட்டுத் திரையும் கைப்பேசியும் இத்தரத்தில் அமைந்தவையல்ல. அவற்றில் படத்தைப் பார்த்து நோய் இல்லை என்றோ உண்டு என்றோ நீங்களே முடிவு செய்யாதீர்கள். மருத்துவரின் எழுத்து அறிக்கையையே நம்புங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*பிரகாசமான திரை பார்வையை நிரந்தரமாகக் கெடுக்குமா?*
திரையின் சில நூறு நிட் ஒளிர்வு, பகல் வானத்தின் பல ஆயிரம் நிட் ஒளிர்வை விட மிகக் குறைவு. திரை தரும் தொல்லை சோர்வும் உலர்வும் ஆகும். ஓய்வு எடுத்தால் நீங்கும்.

*நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி தேவையா?*
கண் சோர்வுக்காக இதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குறுகிய காலத்தில் இக்கண்ணாடிகள் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று கூறுகிறது.

*கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லதா?*
வெளிச்சமான அறையில் வெண்மையின் மீது கருப்பு எழுத்தே பெரும்பாலோருக்குத் தெளிவாக இருக்கும். சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கருமையின் மீதுள்ள வெள்ளை எழுத்து கசிந்தது போல் தெரியலாம். கண்புரையால் கூச்சம் உள்ள சிலருக்கோ கருப்புப் பின்னணி இதமாக இருக்கும். உங்களுக்கு எது தெளிவோ அதுவே சரி.

*திரையைச் சரிசெய்தால் மட்டும் போதுமா?*
போதாது. நாம் இயல்பாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறோம். திரையை உற்று நோக்கும்போது இது வெகுவாகக் குறைகிறது, கண் உலர்கிறது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை, 20 வினாடிகள் பார்க்கவும். மின்விசிறிக் காற்றும் குளிர்சாதனக் காற்றும் நேரே முகத்தில் படாதவாறு அமரவும்.

நினைவில் கொள்க

- திரையின் வெண்மை, பக்கத்தில் உள்ள தாளின் வெண்மையை ஒத்திருக்கட்டும்.
- பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு வேண்டும்.
- எழுத்து தெரியாவிட்டால் ஒளிர்வைக் கூட்டாதீர்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள்.
- திரையில் வெயில் விழுந்தால் திரைச்சீலையை மூடுங்கள்.
- இவை அனைத்தும் செய்த பின்னும் தொல்லை நீடித்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.